நீர் வற்றுவதற்குள் காஜா பெராங்

பயணிக் கப்பல்கள் மலாக்கா கரையை நெருங்குவதில்லை. ஆழம் போதாது. தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நின்றுகொள்ளும். மோட்டார் படகுகள் போய்ப் பயணிகளை ஆற்று முகத்திலுள்ள படகுத்துறைக்கு அழைத்துவரும். கடல் உள்வாங்கி ஆற்று முகத்தில் நீர் வற்றிவிட்டால் அந்தப் படகுகளும் சேற்றில் உட்கார்ந்துவிடும்; மறுபடி நீர் ஏறப் பல மணி நேரமாகும். அதனால் எங்கள் வேலையில் கடிகாரத்தைப் பார்ப்பதைவிட ஆற்றைப் பார்ப்பது முக்கியமாக இருந்தது.

நான் அப்போது ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. கப்பல் வரும் நாள்களில் மேசையை விட்டு எழுந்து, ஊர் பார்க்க வரும் பயணிகளோடு நடப்பேன். வழிகாட்டி முன்னால் பேசிக்கொண்டு போவார். நான் கடைசி ஆளுக்கும் பின்னால் போவேன். கடைகளில் நிற்பவர்களைக் கிளப்புவது, படம் எடுப்பவர்களுக்காகக் காத்திருப்பது, எல்லோரும் இருக்கிறார்களா என்று பார்ப்பது என் பொறுப்பு. அலுவலகத்தில் என்னை ‘வால்’ என்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. வால் பேச வேண்டியதில்லை.

வழிகாட்டி ஊரின் ஓரத்திலிருந்த காஜா பெராங் என்ற குடியிருப்பைச் சேர்ந்த செட்டிக்காரர். மலாக்காச் செட்டிகள் எங்களைப் போலவே சிவனையும் அம்மனையும் கும்பிடுபவர்கள். வீட்டில் பேசுவது மலாய். எந்தத் தலைமுறையில் வந்து இறங்கினார்கள் என்பதை அவர்களே மறந்துவிட்டார்கள். நான் அவரை அபாங் என்று அழைப்பேன், அண்ணன் என்ற பொருளில். என் வாடகை அறையும் காஜா பெராங்கில்தான் இருந்தது.

நடை எப்போதும் ஒரே வழி. சிவப்புக் கட்டடங்கள், குன்றின் மேல் கூரையில்லாத தேவாலயம், கீழே கோட்டை வாசல், பிறகு பாலம் தாண்டிப் பழைய சீனர் வீதிகள். அங்கிருந்து திரும்பிப் படகுத்துறை. போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், சீனர் எல்லோரும் அபாங்கின் பேச்சில் வருவார்கள். அவருடைய சொந்த மக்கள் வரமாட்டார்கள். வழியில் அவர்கள் வீடு இல்லை.

இதை அவருடைய தாயார் சும்மா விடவில்லை. சரோங்கும் கெபாயாச் சட்டையும் நெற்றியில் திருநீறுமாக வாசலில் உட்கார்ந்திருப்பவர். என் காது படவே மகனிடம் மலாயில் சொல்வார்:

“ஊருல உள்ள எல்லார் வீட்டையும் வெள்ளைக்காரனுக்குக் காட்டுறே. ஒன் ஆத்தா வீட்டுக்கு மட்டும் வழி தெரியாதா?”

“தூரம், மா.”

“கப்பல்ல கடலையே தாண்டி வந்தவங்களுக்கு இது தூரமா?”

மலாயாவின் சுதந்திரத்துக்குச் சில வாரங்களே இருந்தபோது அபாங் துணிந்து எங்கள் அலுவலகத்து வெள்ளைக்காரத் துரையிடம் கேட்டார். புதிய அரசாங்கம் வந்ததும் நடைவழிகளை எழுதி நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு. அதற்குள் காஜா பெராங் சேர்ந்தால் உண்டு. துரை யோசித்து, ஒரு முறை அழைத்துப் போய்க் காட்டும்படி சொன்னார். நீர் வற்றுவதற்குள் எல்லோரும் துறைக்குத் திரும்பிவிட்டால் அது வழியில் சேரும். தவறினால் அந்தப் பேச்சு மறுபடி எழக்கூடாது.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் கப்பலைத் தேர்ந்தெடுத்தோம். அது பினாங்கில் தாமதமாகி ஒரு நாள் தள்ளி வந்தது. அந்த நாள் பழப் பார்ச்சு.

நாம் படையல் என்பதை அவர்கள் பார்ச்சு என்கிறார்கள். பழக்காலத்தில் முன்னோருக்கு வைப்பது பழப் பார்ச்சு. வாழையிலைகளில் சோறு, கறி, ரம்புத்தான், மங்குஸ்தீன், டுரியான் எல்லாம் பரப்பிச் சாம்பிராணி போடுவார்கள். பிறகு வீட்டார் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே முன்னோர் உண்கிறார்கள். அவர்களை அவசரப்படுத்தக் கூடாது. கதவு திறந்த பின் வாசலில் இருப்பவர் யாராக இருந்தாலும் உண்ணாமல் போகக் கூடாது.

“வேற நாள் பாத்துக்கலாமா, அபாங்?” என்றேன்.

“வேற நாள் தரமாட்டான் துரை. உள்ள போக வேணாம். சந்துல நடப்போம், கோயில காட்டுவோம், திரும்பிடுவோம்.”

நல்ல திட்டம். சந்துக்குள் நுழையும் வரை அது நடந்தது. என் நாட்குறிப்பில் அன்றைக்கு ‘மேகம், மழையில்லை’ என்று மட்டும் இருக்கிறது.

தாயார் சாத்திய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தொப்பியும் குடையுமாக வரும் கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பாய்களை எடுத்து வாசலில் விரிக்கச் சொன்னார்.

“டுடுக், டுடுக்!” என்று தரையைத் தட்டிக் காட்டினார். பயணிகளுக்குப் புரிந்தது. உட்கார்ந்தார்கள். கால் வலித்திருக்கும்.

சென்னைத் தம்பதி ஒன்று அந்தக் கூட்டத்தில் இருந்தது. அந்த அம்மாள் தாயாரிடம் தமிழில் ஏதோ கேட்டு, பதில் வராமல் என் பக்கம் திரும்பினார்.

“என்னங்க இது, நம்ம விபூதி, நம்ம சாமி. தமிழ் வராதா?”

“சாமிகிட்ட மட்டும் கொஞ்சம் தமிழ்ங்க. மத்தவங்ககிட்ட மலாய்.”

தாயார் என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் அந்த அம்மாளை இரக்கத்தோடு பார்த்தார்.

“இவங்களுக்கு மலாய் தெரியாதா? கொஞ்சங்கூடவா? பாவம்.”

இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

சாத்திய கதவின் இடுக்கு வழியே புகை வந்தது. அபாங் தாயார் அருகில் போய் மெல்லச் சொன்னார், படகு காத்திருக்கிறது என்று. தாயார் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது:

“ஒன் தாத்தா சாப்பிடுறாரு. போய் அவர்கிட்ட சொல்லு, சீக்கிரம் எந்திரிங்கன்னு.”

அபாங் போகவில்லை. நான் வரிசையின் கடைசியிலிருந்து, “ஆயெர் சூருட், அபாங்!” என்றேன். நீர் இறங்குகிறது என்று. அவர் தலையாட்டினார். எல்லோரும் பார்க்க, பாயின் ஓரத்தில் அவரும் உட்கார்ந்தார்.

கதவு திறந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள். டுரியான் வாசனைக்கு ஒரு வெள்ளைக்காரர் மட்டும் எழுந்து கிணற்றடிக்குப் போனார். சென்னை அம்மாள் மங்குஸ்தீனை எப்படித் திறப்பது என்று தாயார் கையைப் பார்த்தே கற்றுக்கொண்டார். இருவரும் ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

துறைக்கு நாங்கள் வேகமாகவே நடந்தோம். படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. கொக்குகள் அவற்றைச் சுற்றி நடந்துகொண்டிருந்தன. கப்பல் மாலைவரை காத்திருக்க நேர்ந்தது. துரை பயணிகள் போகும்வரை பொறுத்திருந்து மறுநாள் சொன்னார். காஜா பெராங் முடிந்தது. நடை படகுத்துறையில் முடிய வேண்டும், அதற்கு அப்பால் ஓர் அடி கிடையாது.

தாயாரிடம் அபாங் அதைச் சொன்னபோது நான் அருகில் இருந்தேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்:

“அப்ப, பசியோட அனுப்பியிருக்கணுமா?”

“இல்ல, மா.”

அதன் பிறகு தாயார் வழியைப் பற்றிப் பேசவில்லை. திடலில் கொடி ஏறியது. புதிய அதிகாரிகள் வந்து நடைவழியை எழுதினார்கள். பழைய வழிதான்.

கப்பல் வரும் நேரம் யார் கையிலும் இல்லை. சில நாள் நீர் வற்றிக்கொண்டிருக்கும்போதே பயணிகள் இறங்குவார்கள். நடை முடிந்து துறைக்கு வந்தால் படகு தரையில் இருக்கும். நீர் ஏறும் வரை அவர்கள் நிழலுக்கு இடம் தேடிக்கொண்டு நிற்க வேண்டும். அப்படி ஒரு நாள், சுதந்திரத்துக்குப் பின் வந்த இரண்டாவது கப்பலில் என்று நினைவு, அபாங் துறையில் நின்று தொப்பியை எடுத்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார். நடை இத்தோடு முடிந்தது, நன்றி. படகு மிதக்க இன்னும் நேரமிருக்கிறது. நான் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறேன்.

சொல்லிவிட்டு நடந்தார். ஒருவர் பின் ஒருவராக ஏழெட்டுப் பேர் எழுந்து அவர் பின்னால் போனார்கள். அவர் யாரையும் அழைக்கவில்லை. வழியில் எதையும் விளக்கவுமில்லை.

என் வேலையும் துறையோடு முடிந்திருந்தது. எனக்கும் வீட்டுக்கு அதே வழி. கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்தேன். பாலத்தில் ஒரு பெண்மணி நின்று, தாமதமாகிவிடாதா என்று என்னிடம் கேட்டார். குனிந்து ஆற்றைப் பார்த்தேன். தண்ணீர் அப்போதுதான் உள்நோக்கி வரத் தொடங்கியிருந்தது.

“ஆகாது,” என்றேன்.