கரண்ட் போன பிறகும் ஓடிய மிஷின்

காதர்பேட்டை மொத்தக் கடைக்கு நாங்கள் அனுப்பிய பனியன் கட்டுகளில் ஓட்டை பீஸ்கள் இருந்ததாகத் திருப்பிவிட்டார்கள். யார் வேலை என்று பார்க்க, எங்கள் யூனிட்டின் கேமரா பதிவைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டேன். அதன் ஆபரேட்டிங் சிஸ்டத்தை அப்போதுதான் புதுசுக்கு மாற்றியிருந்தோம்.

மிஷின் இரைச்சலுக்கு நடுவே, "ஓட்டை பீசை அடியில வெச்சிருங்க" என்று, யாருடையதென்று பிடிபடாத ஒரு பெண் குரல். திரையில் வாய் அசைந்தது டெய்லர் செல்விக்கு. அவள்மேல் எனக்கு முன்பே சந்தேகம். இன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திவிடலாம் என்று எழுந்தேன்.

அதற்குள் பதிவில் கரண்ட் போய், மிஷின்கள் எல்லாம் நின்றன. யுபிஎஸ் இருப்பதால் கேமரா மட்டும் நிற்கவில்லை. ஆனால் மிஷின் சத்தமும் நிற்காமல் கேட்டது. கரண்ட் இல்லாமல் எந்த மிஷின் ஓடும்?

கம்ப்யூட்டர் சரிசெய்பவரை அழைத்தேன். "சிஸ்டத்தை மாத்துனீங்க, சவுண்டு டிரைவர்னு ஒரு புரோகிராம், அது பழசாவே இருக்குதுங்க. அதான் படத்துக்குப் பின்னால சத்தம் வருதுங்க" என்றார். புது டிரைவர் போட்டதும் இரண்டும் சேர்ந்துகொண்டன. மறுபடி பார்த்தேன். அந்தப் பேச்சுக்கு வாயசைத்தது, பீஸ்களைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிள் அருகே நின்ற என் தங்கை.

அவளிடம் இன்னும் கேட்கவில்லை. இப்போது கம்ப்யூட்டரில் எதை மாற்றினாலும், கேமரா முன்னால் ஒருமுறை கை தட்டி, சத்தமும் படமும் சேர்ந்து வருகிறதா என்று அந்தப் பதிவை ஓட்டிப் பார்த்துக்கொள்கிறேன். "எதுக்குங்கக்கா கை தட்டறீங்க?" என்கிறாள் தங்கை. நான் அவள் வாயையே பார்க்கிறேன்.