ஐந்து வண்டிக்கு ஒரு சிவப்புக் கண்ணாடி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மகள் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். அம்மா மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தாள். பிரேக் குழாய்க்குள் புகுந்துவிட்ட காற்றை வெளியே எடுக்கும் வேலை அது. ஒற்றை ஆளால் ஆகாது. மேலே இருப்பவர் நாலைந்து தடவை மிதித்துவிட்டு, கடைசி மிதியில் காலை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே இருப்பவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து, குமிழியும் எண்ணெயும் வந்ததும் மூட வேண்டும். மூடின பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். முந்திக்கொண்டால் போன காற்று திரும்பி வந்துவிடும்.

அம்மா முந்திக்கொள்வாள். பேசும்போது அவளுக்குக் கையோடு காலும் சேர்ந்து பேசும். தெருவில் போவோர் வருவோர் பாதிப் பேர் அவளிடம் கார் ஓட்டக் கற்றவர்கள்.

"ஏம்மா, லைசென்ஸ் வாங்கிட்டியா? போன தடவை தபால் பெட்டியை இடிச்சியே!" என்று ஒருத்தியைப் பார்த்துக் கத்தினாள். கால் மேலே வந்தது.

"அம்மா! காத்து உள்ள போயிடுச்சு!"

"போனா வெளிய வரும். எங்க போயிடப் போகுது?"

"இதோட மூணாவது தடவை."

"நீ கீழ படுத்துட்டு கணக்குப் பாரு. என்ஜினியரு."

கடைசியில் மிதி கெட்டியானது. அம்மா ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கு. உங்கப்பா மனசு மாதிரி" என்றாள். அப்பா போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிவிட்டது. ஆனாலும் திட்டுவதற்கு அவரை விட்டால் அவளுக்கு ஆள் கிடையாது.

அம்மாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

அம்மா வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். பள்ளிக்கூடம் என்று பெயர்ப்பலகை மட்டும் இருந்தது. மற்றபடி அவளும் அந்த ஒரே காரும்தான். கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் மிதி வைத்த வண்டி. தேவையோ இல்லையோ அவள் மிதித்துக்கொண்டே இருந்ததால் ஊரில் அவளுக்குப் பிரேக்கக்கா என்று பெயர். வண்டிக்கு அவள் வைத்த பெயர் மூதேவி. கோபம் வந்தால் அப்படிக் கூப்பிடுவாள், கொஞ்சும்போதும் அப்படியேதான்.

மூதேவியைச் செய்த கம்பெனி அந்த மாடலை எப்போதோ நிறுத்திவிட்டது. கொஞ்ச காலம் கழித்து உதிரிப்பாகங்களையும் நிறுத்தியது. அதற்குப் பிறகு அம்மா உதிரிப்பாகக் கடைகளில் அதிகமாகக் கேட்ட சொல் "வராது" என்பதுதான். கிளச் கேபிளா, வராது. கதவுக் கைப்பிடியா, வராது. "அது வராதுன்னா நானா போய்க் கூட்டிட்டு வரணும்?" என்று அவள் கடைக்காரனிடம் சண்டை போடுவாள்.

மகள் வேலை பார்த்தது துணி துவைக்கும் இயந்திரங்கள் செய்யும் கம்பெனியில். எந்தப் பாகத்தை இனிமேல் செய்ய வேண்டாம் என்று தீர்மானிக்கும் பிரிவில் இருந்தாள். வருஷத்துக்கு இத்தனை பேர்கூட ஒரு பாகத்தைக் கேட்கவில்லை என்றால் அதன் அச்சை உடைத்துவிடலாம் என்று அவள் கையெழுத்துப் போடுவாள். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அம்மா அவளைக் கொலைகாரி என்றுதான் அறிமுகப்படுத்தினாள். "என் பொண்ணு. இவ கையெழுத்தால எத்தனை வீட்டுல துணி நனைஞ்சு கிடக்கோ!"

ஊரில் மூதேவியின் கூடப்பிறந்தவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். ஒரே மாடல் கார் வைத்திருப்பவர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டம். நட்புக்காகச் சேர்ந்த கூட்டம் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் அறியாமை. ஒருவருக்கு நெஞ்சு வலி என்றால் மற்றவர்கள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போவார்கள். போகிற வழியில் அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்கள்.

ஆறு பேராக இருந்த கூட்டத்தில் ஒருவர் இறந்தபோது பெரிய ரகளை. அவர் வண்டியில் கண்ணாடி துடைக்கும் மோட்டார் புதுசு. அம்மாவுக்கு அதன்மேல் ஒரு கண். பல் டாக்டருக்கும் அதன்மேல் ஒரு கண். பச்சை நிற வண்டி வைத்திருந்த கிழவர் அவர், வைத்தியத்தை விட்டும் அந்தப் பெயர் விடவில்லை. அம்மா கைப்பையோடு போனாள். பல் டாக்டர் கோட்டுக்குள் ஸ்பேனரோடு போனார். அம்மா உள்ளே ஆறுதல் சொல்லி முடிப்பதற்குள் அவர் வெளியே மோட்டாரைக் கழற்றி முடித்துவிட்டார்.

"சொத்தைப் பல்லு புடுங்குற மாதிரி புடுங்கிட்டியே, வெக்கமா இல்ல?" என்று அம்மா வாசலில் நின்று கேட்டாள்.

"நீ மட்டும் அழவா வந்தே? கைப்பையில என்ன, ஸ்க்ரூ டிரைவர்தானே?"

உண்மையில் ஸ்க்ரூ டிரைவர்தான். இறந்தவரின் மனைவி இருவரையும் துடைப்பத்தால் விரட்டினாள். அன்றிலிருந்து கூட்டத்தில் ஒரு விதி: துக்க வீட்டில் யாரும் எதையும் கேட்கக் கூடாது. வீட்டுக்காரர்களாகக் கொடுத்தால் உண்டு. அன்றிலிருந்து அம்மாவும் பல் டாக்டரும் பேசிக்கொள்வதும் இல்லை.

பேசாவிட்டாலும் விலகிப் போக முடியவில்லை. காரணம் ஒரு கண்ணாடி.

அந்த மாடலில் பின்பக்க இடது விளக்கின் சிவப்பு மூடி கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும். சுவர் உரசினால் உடையும், பக்கத்து வண்டி உரசினாலும் உடையும். ஐந்து வண்டிகளிலும் உடைந்தே போயிற்று, ஒன்றைத் தவிர. விளக்கு மூடி உடைந்திருந்தால் வருஷாந்திரப் பரிசோதனையில் வண்டி தேறாது. தேறாவிட்டால் சாலைக்கு வர முடியாது. ஆகவே அந்த ஒரு கண்ணாடி ஐந்து வண்டிக்கும் சுற்றி வந்தது. பரிசோதனைக்கு முந்தின வாரம் கண்ணாடி அந்த வண்டிக்குப் போகும். தேறிய பிறகு அடுத்தவர் கேட்கும்வரை அங்கேயே இருக்கும்.

மகள் இதைக் கேள்விப்பட்டதும் பிசினில் ஒரு நகல் வார்த்துக் கொடுத்தாள். அசல் போலவே இருந்தது. ஆனால் அசலில் கண்ணாடியிலேயே அங்கீகார முத்திரை வார்க்கப்பட்டிருந்தது. நகலில் அதை வைக்க மகள் மறுத்துவிட்டாள்.

"அது போலி முத்திரைம்மா. குத்தம்."

"அடுத்தவன் கண்ணாடியை மாட்டிட்டுப் போறது மட்டும் யோக்கியமா?"

"அது உங்க கூட்டத்தோட பாவம். என் பாவத்தோட சேக்காதே."

பரிசோதகரும் லேசுப்பட்டவர் இல்லை. கண்ணாடியின் ஓரத்தில் பிறை போல ஒரு கீறல் இருந்தது. ஒரு வருஷம் அவர் அம்மாவின் வண்டிக்குப் பின்னால் குனிந்து, கீறலைத் தடவி, "இவரும் நானும் பழைய சிநேகிதம். போன மாசம் பச்சை வண்டியில வந்திருந்தாரு" என்றார்.

"ஊரைச் சுத்திப் பாக்கட்டும் சார். வயசாகுதில்ல?" என்றாள் அம்மா.

கண்ணாடி ஒரே வண்டியில்தான் குடியிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பரிசோதகர் தேர்ச்சி கொடுத்து அனுப்பினார்.

பிரேக் வேலை செய்த அந்த வாரம் கண்ணாடி அம்மாவிடம் இருந்தது. அடுத்த முறை பல் டாக்டருடையது. வழக்கமாக அவர் வாசலுக்கு வந்து ஒரு தடவை ஹாரன் அடிப்பார். அதுதான் கேட்பது. அந்தத் தடவை அம்மா மசியவில்லை. "வாயில்லையா அவனுக்கு? ஊரார் வாயெல்லாம் திறக்க வச்சவன்தானே? திறந்து கேக்கட்டும்." அவர் ஹாரன் அடித்துவிட்டுப் போனார். மறுநாளும் அடித்தார். அம்மா ஜன்னலைச் சாத்தினாள்.

புதன்கிழமை அவள் உதிரிப்பாகக் கடையில் கிளச் கேபிள் கேட்டுக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

மகள் போனபோது கடைக்காரன் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். "வராதுன்னு ஒரு வார்த்தைதாங்க சொன்னேன். அதுக்குப் போய்..."

"அந்த வார்த்தையை அம்மா தினமும் கேட்டவங்க. அதுக்கெல்லாம் சாக மாட்டாங்க. நீங்க அழாதீங்க" என்றாள் மகள். அவள் அழவில்லை. கடை வாசலில் நின்ற மூதேவியை வீட்டுக்கு ஓட்டி வந்தாள். அம்மா குள்ளம். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. இருக்கையைப் பின்னால் தள்ளிக்கொள்ளவில்லை.

எல்லாம் முடிந்த மறுநாள் மகளின் அண்ணன் பேச்சை எடுத்தான்.

"வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம். இடத்தை அடைச்சுட்டு நிக்குது."

"நிக்கட்டும்."

"யாரும் ஓட்டாத வண்டியை வச்சு என்ன பண்ணுவே? நாளைக்கு ஒண்ணு உடைஞ்சா பார்ட்ஸ் கிடையாது."

"கிடையாதுன்னா கிடையாது. அது அப்படியே இருக்கணும். அதிலிருந்து ஒரு துண்டு வெளிய போகாது. உன் இரும்புக் கடைக்கும் போகாது, அம்மாவோட கழுகுக் கூட்டத்துக்கும் போகாது."

அண்ணன் உள்ளே போய்விட்டான். தங்கை குரல் அம்மா குரல் மாதிரி ஆகிவிட்டால் ஒதுங்கிக்கொள்வது அவனுக்குச் சின்ன வயதுப் பழக்கம்.

அன்று மாலை கழுகுக் கூட்டம் வந்தது. தையல்காரர் வந்தார், வாத்தியார் தம்பதி வந்தார்கள். எல்லோரும் முற்றத்தில் நின்ற மூதேவியைப் பார்க்காத மாதிரி தாண்டி உள்ளே வந்தார்கள். பார்க்காமலிருக்க அவர்கள் பட்ட பாட்டைப் பார்க்க மகளுக்கே பாவமாக இருந்தது.

கடைசியாகப் பல் டாக்டர் வந்தார். அவர் உள்ளே வரவில்லை. வண்டிக்குப் பின்னால் போனார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். வாசல் பக்கம் திரும்பினார்.

மகளுக்குச் சுருக்கென்றது. எழுந்து வெளியே போனாள்.

"என்ன டாக்டர், ஸ்பேனர் கொண்டு வந்திருக்கீங்களா?"

அவர் கோட்டின் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினார். ஒன்றில் கைக்குட்டை. இன்னொன்றில் ஓட்டை.

"வேணும்னா கேளுங்க. கொடுக்க மாட்டேன். ஆனா கேளுங்க."

"துக்க வீட்டுல கேக்கக் கூடாதும்மா. விதி இருக்கு" என்றார். "உங்கம்மாவும் நானும் அடிச்சுக்கிட்டதாலதான் அந்த விதியே வந்தது." போய்விட்டார்.

மகள் உள்ளே வந்ததும் தையல்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நாளைக்குக் காலையில அவருக்கு டெஸ்ட்டு. போன வருஷமே தள்ளிப் போட்டு வாங்கினது. இந்தத் தடவை தவறினா வண்டி அவ்வளவுதான். நான் எதையும் கேக்கல தாயி, சும்மா சேதி சொன்னேன்."

மகள் மறுபடி வெளியே வந்து வண்டிக்குப் பின்னால் குனிந்தாள். இடது விளக்கில் இருந்தது விரிசல் விட்ட மூடி. சிவப்பு நாடா ஒட்டிய பழசு. பிறைக் கீறலைக் காணோம். பல் டாக்டர் பார்த்தது இதைத்தான்.

அண்ணன் பின்னாலேயே வந்தான். "ஒளிச்சு வச்சிருப்பா" என்றான். "அவர் கையில சிக்கக் கூடாதுன்னு. நம்ம அம்மாதானே. செத்தும் விடலை பாரு."

மகளுக்கும் அப்படித்தான் தோன்றியது. தேடினாள். டிக்கியில் ஜாக்கியும் வாளியும். முன்பெட்டியில் பழைய பல்புகளும் ஒற்றைக் கையுறையும். பக்கத்து இருக்கைக்கு அடியில் கை விட்டபோது துணி தட்டுப்பட்டது. இழுத்தாள். மகளின் சமையலறைத் துண்டு. அதைத் தொலைத்துவிட்டதாக அவள் வேறு யாரையோ திட்டியிருந்தாள்.

துண்டுக்குள் கண்ணாடி இருந்தது. ஓரத்தில் பிறைக் கீறல். கூடவே மாத்திரைக் குப்பி ஒன்றில் அதன் இரண்டு திருகாணிகள்.

அவள் வண்டிக் கதவைத் திறந்தபடியே உட்கார்ந்து யோசித்தாள். ஒளித்து வைப்பவள் வீட்டில் ஒளித்து வைப்பாள், வண்டியில் எடுத்துக்கொண்டு கிளம்ப மாட்டாள். ஒளித்து வைப்பவள் திருகாணியைச் சேர்த்து வைக்க மாட்டாள். கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தாள். உள்பக்க மூலைகளில்கூட அழுக்கு இல்லை. சோப்புப் போட்டுக் கழுவியிருந்தது. இந்த வண்டியில் அம்மா எதையும் கழுவியதில்லை. மழை எதற்கு இருக்கிறது என்பாள். உதிரிப்பாகக் கடைக்கு அடுத்த தெருவில்தான் பல் டாக்டர் வீடு.

அவர் கேட்கவில்லை. அம்மா தானாகவே கொடுக்கப் போயிருக்கிறாள். வழியில் ஒரு கிளச் கேபிளுக்காக நின்றுவிட்டாள்.

மகள் அப்போது அழுதாள். அண்ணன் பக்கத்தில் நின்றான். என்ன செய்வதென்று தெரியாமல் டயரை உதைத்துப் பார்த்தான்.

"இது நம்ம வண்டியோடது இல்லை" என்றாள் மகள், மூக்கைச் சிந்திவிட்டு. "இது அம்மா செய்யாம விட்ட வேலை. வந்தவங்களைப் பாத்துக்கோ. போயிட்டு வந்துடறேன்."

"இப்பவா? ஆள் கேட்டா என்ன சொல்ல?"

"பல் டாக்டர்கிட்ட போயிருக்கான்னு சொல்லு. பொய்யில்லையே."

பல் டாக்டர் தன் பச்சை வண்டிக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, உடைந்த மூடிக்குச் சிவப்பு நகச்சாயம் பூசிக்கொண்டிருந்தார். மூதேவியின் சத்தம் கேட்டதும் தூரிகையோடு எழுந்து நின்றார். மகள் துண்டைப் பிரித்துக் கண்ணாடியை நீட்டினாள்.

"நான் கேக்கலையேம்மா."

"தெரியும். அம்மா புதன்கிழமை உங்களுக்குக் கொண்டு வந்துட்டு இருந்தாங்க. வண்டியிலேயே இருந்தது."

அவர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். விரலால் உள்மூலையைத் தேய்த்துப் பார்த்தார்.

"கழுவியிருக்கு."

"ஆமா."

"அவளா?"

"அவங்கதான்."

பல் டாக்டர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கெட்ட பொம்பளை" என்றார். கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப நான் நன்றி சொல்லணும். யார்கிட்டப் போய்ச் சொல்றது?" என்றார்.

மகள் அவர் அருகில் வந்தாள். மாத்திரைக் குப்பியைத் திறந்து திருகாணிகளை அவர் உள்ளங்கையில் கொட்டினாள். ஒன்று உருண்டு வண்டிக்கு அடியில் போயிற்று. மகள் மண்டி போட்டுக் குனிந்து தேட ஆரம்பித்தாள்.