சுண்டலூர் எந்தப் பக்கம்

என் அக்கா மகளுக்கும் அவளே விரும்பிய வாலாஜாபாத் மாப்பிள்ளைக்கும் தை மாதம் நிச்சயம் முடிந்தது. இரண்டு குடும்பத்துக்கும் எல்லாம் பிடித்திருந்தது. ஒன்றே ஒன்றுதான் இழுத்துக்கொண்டு நின்றது: கல்யாணத்தை எந்த ஊரில் நடத்துவது?

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை ஊரில் நடத்துவதுதான் வழக்கம். பெண்ணுக்கோ காஞ்சிபுரத்தில், தன் தெருக்காரர்கள் அத்தனை பேரும் வரும்படி நடத்த வேண்டும் என்று ஆசை. பஸ்ஸில் அரை மணி நேரம்தான். ஆனால் விடியற்காலை முகூர்த்தம் என்றால், தெருவில் பாதிப் பேர் வராமலிருக்க அந்த அரை மணி நேரம் போதும்.

பெண்ணும் மாப்பிள்ளையும் பழகியதே ஒரு கார்ட்டூனால்தான். அவர்கள் சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டிவியில் வந்தது. சுண்டலூர் என்ற ஊர், அங்கே ஒரு டீக்கடைக்காரர், அவர் வளர்க்கும் ஆடு, அந்த ஆடு செய்யும் வம்பு. யார் வரைந்தது என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் பெயர்கள் படிக்க முடியாத வேகத்தில் ஓடிவிடும். இப்போது முப்பதை நெருங்கும் சிலர், வேலைக்குப் போகிறவர்கள், போனில் ஒரு குரூப் வைத்துக்கொண்டு, சுண்டலூர் உண்மையில் எந்த ஊர் என்று வருடக்கணக்காகச் சண்டை போட்டுவந்தார்கள். பாலாற்றங்கரை ஊர் என்பது வரையில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அதிலும் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கைக்காரர் ஒருவர் மட்டும் விடவில்லை.

"கார்ட்டூன் ஆத்துல தண்ணி ஓடுதுபா. அது எப்படி பாலாறு ஆவும்?"

"ஏம்பா, கார்ட்டூன்லயாவது ஓடட்டுமே" என்று மாப்பிள்ளை பதில் போட்டார். அந்தப் பதிலைப் படித்த பிறகுதான் அவருக்குத் தனியாக வணக்கம் அனுப்பியதாக என் அக்கா மகள் சொன்னாள்.

கல்யாண இடம் முடிவாகாமல் நின்றபோது, மாப்பிள்ளைதான் வழி சொன்னார். சுண்டலூர் காஞ்சிபுரம் என்று நிரூபித்துவிட்டால் கல்யாணம் காஞ்சிபுரத்தில். வாலாஜாபாத் என்றால் வாலாஜாபாத்தில். அவருடைய அம்மாவும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அவர் மார்க்கெட்டில் அரிசிக் கடை வைத்திருப்பவர். அந்தக் கார்ட்டூனை மகனோடு உட்கார்ந்து பார்த்தவர். தீர்ப்புச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. பத்திரிகையில் இருபத்தாறு வருடம் பக்க வடிவமைப்பு பார்த்தவன் என்பதுதான் என் தகுதி.

தடயங்கள் ஒவ்வொன்றாக அடிபட்டுப்போயின. தெரு நீளத்துக்கு நெசவு நூல் பாவு நீட்டியிருக்கும் காட்சியைக் காட்டி, "பட்டு நெய்யுற ஊரு, வேற பேச்சே இல்ல" என்றாள் பெண். வாலாஜாபாத்தைச் சுற்றியும் நெசவாளர்கள் இருக்கிறார்கள் என்று தள்ளினேன். ரயில்வே கேட் இரண்டு ஊரிலும் உண்டு. கடைசியில் ஒரே ஒரு படம் நின்றது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் நுழையும் காட்சி. ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் அரிசி மில்லின் புகைபோக்கி. ஓரிக்கை வழியாகக் காஞ்சிபுரத்துக்குள் வந்தால் புகைபோக்கி வலது கைப்பக்கம் தெரியும். வாலாஜாபாத்தில் பாலம் தாண்டினால் இடது கைப்பக்கம். இதை இரு தரப்பும் பைக்கில் போய்ப் பார்த்து ஒப்புக்கொண்டிருந்தார்கள். என் அக்கா மகள் குரூப்பில் போட்டிருந்த படத்தில் புகைபோக்கி வலது பக்கம் இருந்தது.

தீர்ப்பை எழுத உட்கார்ந்தேன். படத்தைக் கடைசியாக ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். பாலத்தின் முனையில் டீக்கடைக்காரர் நிற்கிறார். அவருடைய சட்டைப் பை வலது பக்கம் இருந்தது. பின்னால் குடத்தோடு போகும் பெண்ணின் முந்தானையும் வலது தோளில்.

பத்திரிகையில் ஒருமுறை, முகம் செய்தியின் பக்கமாகத் திரும்பியிருக்க வேண்டும் என்று ஒரு பிரமுகரின் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டு, மறுநாள் முழுக்கத் திட்டு வாங்கியிருக்கிறேன். காட்டிக்கொடுத்தது சட்டைப் பைதான். யாரோ இணையத்தில் ஏற்றியிருந்த கார்ட்டூனையே தேடி ஓடவிட்டுப் பார்த்தேன். பை இடது பக்கம். புகைபோக்கியும் இடது பக்கம்.

அக்கா மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது அவள் வேலை. ஒரு கரைக்கு மயில் வரைந்தால், எதிர்க் கரைக்கு அதைத் திருப்பி இன்னொரு படமாகச் சேமிக்க வேண்டும். இரண்டு மயிலும் உள்ளே பார்க்க வேண்டும் அல்லவா? எந்தப் படம் கையில் கிடைத்தாலும் இரண்டாகச் சேமிப்பது அவளுக்குப் பழக்கம். சுண்டலூரையும் அப்படியே சேமித்திருக்கிறாள். குரூப்புக்குப் போனது எதிர்க் கரைப் படம்.

"ஐயோ மாமா. நான் வேணும்னு பண்ணல."

"தெரியும்மா."

"இத்தினி நாளா ஒருத்தரும் கண்டுபுடிக்கல பாருங்க" என்றாள், அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையோடு. பிறகு முகம் தொங்கியது. "அப்போ கல்யாணம் அங்கதான்."

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன். அப்புறம் ஏமாத்திட்டேன்னு ஆயுசுக்கும் சொல்லிக்கினு இருப்பாரு."

சரியான படத்தையும், நடந்ததையும் நான்கு வரியில் போட்டாள். குரூப் கொதித்தது. "எதிர்க்கரை எதிர்க்கட்சி" என்று ஓரிக்கைக்காரர் அவளுக்குப் பட்டம் கொடுத்தார். மாப்பிள்ளை ஆடு துள்ளும் படங்களாக அனுப்பித் தள்ளினார். ஒரு மணி நேரம் கழித்து என் போன் அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா.

"அண்ணா, அப்போ சுண்டலூரு எங்க ஊருதானே? உறுதியா?"

"உறுதிங்க. பத்திரிகையிலேயே போடலாம்."

"நிச்சயத்தன்னிக்கு உங்க ஆளு ஒருத்தரு, 'வாலாஜாபாத்தா, பஸ்ல போறப்போ பாத்திருக்கேன்'னு, எறங்கிப் பாக்க ஒண்ணுமே இல்லாத ஊரு மாதிரி சொன்னாரு. கேட்டுக்கினுதான் இருந்தேன்."

சொன்னவன் நான்தான். அதை அவரிடம் ஒப்புக்கொள்ளத் தீர்ப்பு சொல்வதைவிட அதிக நேரம் ஆனது. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"போவட்டும் விடுங்கண்ணா. டிவியில வந்த ஊரு எங்களுது. அது போதும் எனக்கு. கல்யாணத்தை உங்க ஊர்லயே வெச்சிக்குங்க. பொண்ணு தோத்ததை அதுவே வந்து சொல்லிச்சே, அதுக்காகத்தான்."

போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். பக்கத்தில் நின்ற அக்கா மகள் ஒரு குதி குதித்து, போனை வாங்கி, "தேங்க்ஸ் அத்தை, தேங்க்ஸ் அத்தை" என்று மூச்சு வாங்கச் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா அத்தை, அந்த கோபுரத்துல எத்தினி நிலைன்னு எண்ணிப் பாத்தீங்களா? அது உங்க ஊரு கோபுரமே..."

போனை அவள் கையிலிருந்து பிடுங்கி, கல்யாணத் தேதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.