மூன்றாவது விசில்

எங்கள் வீட்டுக் குக்கரின் அடியில் இன்னும் ஒரு கருப்பு வட்டம் இருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அக்கா கல்யாணமாகிப் பேராவூரணிக்குப் போன மறுவாரம் விழுந்த கறை அது. அப்போது எனக்குப் பதினெட்டு வயது. நடவு பார்க்க வயலுக்குக் கிளம்பிய அம்மா, "மூணு விசில் வந்ததும் அடுப்ப அணைச்சுடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுப்புக்குப் பக்கத்திலேயே புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். விசில் வரவேயில்லை. பருப்பு அடிபிடித்த வாடைக்கு நிமிர்ந்து பார்த்தால், வெயிட் மேலே எழும்பி ஆடுகிறது, ஆவி பீறிடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. குக்கர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அத்தை ஓடி வந்து அடுப்பை அணைத்துவிட்டு, என் முகத்துக்கு நேரே கத்தினாள்: "தெருவுக்கே கேக்குது, உனக்குக் கேக்கலியாடி?"

அதுவரை யார் கூப்பிட்டாலும் அக்காவின் விரல் என் முழங்கையைத் தொடும், நான் திரும்புவேன். குக்கர் வைத்தால் "மூணு ஆச்சு" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்வாள். அக்கா என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். வகுப்பில் பாதி புரியாததற்கு நான் மக்கு என்பதே காரணம் என்று நம்பினேன். பிளஸ் டூ கணக்கில் தோற்றதற்கும் அதுவே காரணம் என்று எடுத்துக்கொண்டேன்.

தஞ்சாவூரில் காது டாக்டரிடம் போனபோது அக்காவும் வந்திருந்தாள். கேட்கும் திறன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வருகிறது, இன்னும் குறையும் என்றார் அவர். "ரெண்டு வருஷம் முன்னாடியே மெஷின் போட்டிருக்கலாமேம்மா, இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேணாமே" என்றும் சொன்னார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பஸ் ஸ்டாண்டில் சொன்னாள்: "எனக்கு அப்பவே தெரியும்டி. தங்கச்சிக்குக் காது கேக்கலன்னா, பொண்ணு பாக்க வர்றவங்க குடும்பத்துக்கே இருக்குமோன்னு நெனப்பாங்க. என் கல்யாணம் முடியட்டும்னு இருந்துட்டேன்."

அத்தனை இரைச்சலிலும் அவள் உதடுகளிலிருந்து அதை ஒரு சொல் விடாமல் படித்துவிட்டேன். காது போனதைவிட அந்த விரல்தான் என்னை உலுக்கியது. இரண்டு வருடம் என்னைத் தாங்கிய அதே விரல்தான் என்னை மறைத்தும் வைத்திருந்தது. அதில் பாசமே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அதுதான் ஆறவில்லை.

போன மாதம் அக்கா வந்திருந்தாள். எனக்கு இப்போது இரண்டு காதிலும் மெஷின். அதே குக்கரில் பருப்பு வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். மூன்றாவது விசில் வந்தபோது, பழக்கத்தில் அவள் விரல் என் முழங்கையை நோக்கி நீண்டது.

"கேட்டுச்சுக்கா" என்று சொல்லி எழுந்துபோய் அடுப்பை அணைத்தேன். திரும்பிப் பார்த்தபோதும் அவள் கை நீட்டியபடியே இருந்தது.