பரஞ்சோதி சாரின் தொண்டை

பரஞ்சோதி சாருடைய தொண்டை மாதிரி ஒரு தொண்டை கெடா மாநிலத்திலேயே கிடையாது. அவர் பாடாங் மேஹாவில் நின்றுகொண்டு "டேய்!" என்று ஒரு சத்தம் போட்டால், பெண்டாங் வயலில் மேய்கிற கொக்கெல்லாம் உயரப்படி வரிசையில் நின்றுவிடும். ஜெராய் மலையில் படுத்திருக்கிற மேகம் எழுந்து உட்காரும். பட்டர்வொர்த்தில் கிளம்பின பெர்ரி, தன்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பாதிக் கடலில் திரும்பிவிடும். பள்ளிக்கூடச் சபைகூடலில் அவர் கையில் மைக் கொடுத்தால் அவமானம் மைக்குக்குத்தான். முப்பத்து நாலு வருஷமாக எட்டு வயசு, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை இந்தத் தொண்டை ஒன்றை வைத்தே மேய்த்த மனுஷன். பிரம்பு பிடித்ததில்லை. தேவைப்படவில்லை.

அந்தத் தொண்டையை ஒரே விரலால் அடைத்துப்போட்டாள் பிரேமலா.

பிரேமலாவுக்குப் பதினாறு வயது, இடைநிலைப் பள்ளியில் நாலாம் பாரம். நோய் வந்து பள்ளிக்கூடத்தை எல்லாம் மூடி, பாடம் போனுக்குள் போன வருஷம் அது. அப்பா லோரி ஓட்டி ஜொகூர் பக்கம் போனால் வீடு திரும்ப இரண்டு வாரம் ஆகும். அம்மா குணசுந்தரி கையுறை பேக்டரியில் காலை ஷிப்ட். பேக்டரிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அம்மாவின் போன் வீட்டில் இருக்கும். லீவு நாளில் அம்மா புட்டு மாயாம், அதாவது இடியாப்பம், அவித்து ஆர்டருக்குக் கொடுப்பாள்; அதனால் போனுக்குள் அவள் பேரே "குணா புட்டு மாயாம்" என்றுதான் இருக்கும். வீட்டில் பிள்ளைகள் இரண்டு, போன் ஒன்று. காலை எட்டு மணிக்குத் தம்பி திவாகரனுக்கு இரண்டாம் ஆண்டு வகுப்பு. அதே எட்டு மணிக்குப் பிரேமலாவுக்கும் வகுப்பு. சின்னவனுக்குப் போன், பெரியவளுக்கு அவன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. படத்தில் தெரியாமல் ஓரமாக உட்கார்ந்து, அவன் கீழே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அவள் படிப்பு.

ஆரம்பத்தில், "பிரேமலா ஏன் வரல?" என்று யாராவது ஒரு வாத்தியார் கேட்பார் என்று காத்திருந்தாள். அஞ்சு மாசம் ஆயிற்று. ஒருத்தரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாரம் தொடங்கியது. இங்கே லீவு வெள்ளியும் சனியும்தானே. போன் திரையில் பதின்மூன்று பிள்ளைகள், பதின்மூன்று கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழும் பொடி எழுத்தில் போன்காரர் பேர்: ரவி டயர், அம்மா புது நம்பர், முனீஸ்வரர் துணை. சார் அதையெல்லாம் பார்க்க மாட்டார். படத்தில் வயசாகத் தெரியும் என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவார். முகத்தைப் பார்த்தே பேர் கூப்பிடுவார். "திவாகரன்!" "வந்துட்டேன் சார்!" போன் அதிர்ந்து மேசையில் ஓர் அங்குலம் நகரும்.

யார் வீட்டிலோ ஒரு சேவல் நிறுத்தாமல் கூவிக்கொண்டிருந்தது. எரிச்சலில் அந்தக் கட்டத்தின் மூலையில் இருந்த மைக் படத்தை அமுக்கினாள் பிரேமலா. சேவல் நின்றுவிட்டது.

அட.

இன்னொரு கட்டத்தை அமுக்கினாள். அங்கே அழுதுகொண்டிருந்த கைக்குழந்தை நின்றது. அப்புறம் அவள் விரல், யார் சொல்லியும் கேட்காமல், பெரிய கட்டத்துக்குப் போயிற்று.

சார் இரண்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். ஈரெட்டுப் பதினாறுக்கு வாய் திறந்தது. பதினாறு வரவில்லை. குட்டையில் கிடக்கிற திலாப்பியா மீன் மாதிரி வாய் மட்டும் திறந்து மூடியது.

"சார் கேக்கல!"

"கேக்கல சார்!"

சார் போனைக் குலுக்கினார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். உள்ளே யாரையோ கூப்பிட்டார். அவர் சம்சாரம் மருதம்மாள் கை துடைத்துக்கொண்டே வந்து எதையோ தொட்டதும், "...ஒங்கிட்ட எத்தன தடவ சொல்றது!" என்று சாரின் குரல் பாதியில் வந்து விழுந்தது. பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். பிரேமலா சட்டைக் காலரை வாயில் திணித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பதினோரு தடவை. சார் விளையாட்டுப் போட்டிக்கு வைத்திருக்கிற ஒலிபெருக்கிக் குழாயைக் கொண்டுவந்துவிட்டார். குழாயை வாயில் வைத்து, கழுத்து நரம்பு புடைக்க, கொஞ்சமும் சத்தம் இல்லாமல் கத்தினார். ஒரு தடவை குரல் திரும்பி வந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "மன்னிச்சிக்குங்க புள்ளைங்களா. என்னா எழவு போனோ. நடுவுல நடுவுல சாப்பாட்டு வெளம்பரம் வேற வந்து வந்து போவுது."

அதற்குத்தான் பிரேமலா ரொம்பச் சிரித்தாள். திரும்பவும் அமுக்கினாள்.

அன்று சாயங்காலம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ரவிச்சந்திரன் அண்ணன் பேசி அனுப்பியிருந்தார். டயர் கடைக்காரர், மகளும் அந்த வகுப்பில்தான். அம்மா மாவு பிசைந்துகொண்டே அதைப் போட்டுக் கேட்டாள்.

"டீச்சர், நான் சார கொற சொல்லல. எனக்கும் அவருதான் ரெண்டாம் ஆண்டு. ஆனா அவருக்கு வயசாயிட்டு லா. போன் புடிக்கத் தெரியல. புள்ளைங்க ரெண்டு நாளா சிரிச்சிக்கிட்டுத்தான் கெடக்குது, படிக்கல. வேற டீச்சர் போட்டா நல்லாருக்கும்."

கீழே ஆமாம் போடுகிற கட்டைவிரல் படம் விழத் தொடங்கியது. ஒன்று, நாலு, ஒன்பது. தலைமையாசிரியை உமையாள் டீச்சர் பதில் போட்டார்: "வியாழக்கிழமை நானே வகுப்பில் உட்கார்ந்து பார்க்கிறேன். அன்றைக்கும் இப்படியே இருந்தால் வேறு ஆசிரியரைப் போட்டுவிடுகிறேன்."

சாரும் அதே குழுவில்தான் இருக்கிறார். எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறார் என்று காட்டியது. கடைசியில் வந்தது இவ்வளவுதான்: "வணக்கம். கோளாறு என் பக்கம்தான். முயற்சி செய்கிறேன்."

"அந்தக் கொரலுக்கு இந்த நெலமையா," என்றாள் அம்மா. "ஒனக்கும் அவருதானே ரெண்டாம் ஆண்டு? முனிசிபல் தண்ணி லோரி மாதிரி வருவாரு, ஞாபகம் இருக்கா?"

"ம்," என்றாள் பிரேமலா. சோற்றைப் பிசைந்தாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். இன்றைக்கு ஒன்றும் செய்வதில்லை. சார் வந்தார். வாய் திறக்கவில்லை. அவர் கட்டத்தில் மைக் படத்தின் மேல் கோடு விழுந்திருந்தது. அவரே மூடியிருக்கிறார். கையில் மணிலா அட்டை. அதில் கொட்டை எழுத்தில்: "என் குரல் இந்தப் போனில் ஏறவில்லை. இனி எழுத்தைப் பாருங்கள்."

"கேக்கல சார்!" என்று பழக்கதோஷத்தில் ஒருத்தன் கத்தினான். சார் சிரித்து, பரவாயில்லை என்று கையை ஆட்டினார்.

பிரேமலா கையை உருவி அவர் கட்டத்தை அமுக்கினாள். திறக்கவில்லை. நாலு தரம் அமுக்கினாள். அடுத்தவர் வாயை மூட விடுகிறது அந்தச் சனியன், திறக்க விடமாட்டேன் என்கிறது. மைக்கைத் திறங்கள் சார் என்று சொல்லலாம். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். கையைத் திரும்பத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை இன்னும் கேவலமாயிற்று.

போனில் நம் முகத்தைப் பார்த்தால் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலம் மாறித் தெரியும். நமக்கு மட்டும்தான் அப்படி. பார்க்கிறவர்களுக்கு நேராகத்தான் போகும். அது சாருக்கு எப்படித் தெரியும்? செவ்வாய்க்கிழமை தன் அட்டை தன் திரையில் இடம் வலம் மாறித் தெரிந்ததைப் பார்த்து, பிள்ளைகளுக்கும் அப்படித்தான் போயிருக்கிறது என்று நினைத்துவிட்டார். மறுநாள் அத்தனை அட்டையிலும் எழுத்தைத் திருப்பி எழுதிக் கொண்டுவந்தார். வலது பக்கம் இருந்து இடது பக்கம், ஒவ்வொரு எழுத்தும் முதுகைக் காட்டிக்கொண்டு. கோணல் இல்லை, அடித்தல் இல்லை. முந்தின நாள் பூராவும் உட்கார்ந்து பழகியிருக்க வேண்டும். தன் திரையில் அது நேராகத் தெரிந்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அட்டையைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

திவாகரன் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு எழுதினான்.

"என்னாடா எழுதுற?"

"சார் எழுதுனத."

"எல்லாம் திரும்பியிருக்குடா, மாங்கா."

"சார் எழுதுனா சரிதான்," என்றான் அவன். "புதுசா சொல்லித் தர்றாரு. நீதான் படிக்கலியே, ஒனக்குத் தெரியாது."

வகுப்பு முடிந்து அவன் எழுந்து போன பிறகு நோட்டைப் புரட்டினாள். ஒன்றரைப் பக்கம். 'பழம்', 'மழை', 'வாழை'. ஒவ்வொரு ழவும் எதிர்ப்பக்கம் வாலைச் சுழற்றிக்கொண்டு நின்றது. அழுத்தி அழுத்தி எழுதி அடுத்த பக்கத்திலும் தடம். ரப்பரை எடுத்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அழித்தால் அவன் கேட்பான். ரப்பரைப் பெட்டியில் போட்டு, நோட்டை மூடினாள். சாருக்கு ஒரு செய்தி எழுதினாள்: "சார், நான் பிரேமலா." அதற்கு மேல் வரவில்லை. அழித்தாள். பசங்க முன்னால் பேய்க்கதை சொல்லி மூத்திரம் போக வைக்கிறவள் அவள். இரண்டாவது வரி வரவில்லை.

வியாழக்கிழமை. உமையாள் டீச்சர் ஒரு கட்டத்தில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். சார் டை கட்டியிருந்தார். தலையில் எண்ணெய் மினுங்கியது. முதல் அட்டையைத் தூக்கினார். திரும்பின எழுத்தில் வணக்கம்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சார்... அது என்னாங்க சார்?"

சார் சிரித்த முகத்தோடு அடுத்த அட்டையைத் தூக்கினார். அதுவும் திரும்பித்தான் இருந்தது. டீச்சர் குனிந்து ஏதோ எழுதத் தொடங்கினார்.

பிரேமலாவுக்குத் தெரிந்த வித்தைகளில் ஒன்று, தம்பி குரலில் பேசுவது. போன் பக்கம் சாய்ந்து, மைக்கைத் திறந்து, மூக்கால் இழுத்தாள்.

"சார்ர்ர்... மைக்க தொறங்க சார். கீழ செவப்பா இருக்கும், அத அமுக்குங்க. ஒங்க போன்ல ஒண்ணும் கோளாறு இல்ல சார். ஒங்க கொரல் நல்லாத்தான் இருந்துச்சு. அட்டையும் எங்களுக்கு நேராத்தான் தெரியும், திருப்பி எழுத வேணாம் சார்."

சார் அட்டையை மெதுவாக இறக்கினார். திரையை உற்றுப் பார்த்தார். விரல் தேடியது.

"...கேக்குதா?"

அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"கேக்குது சார்!" பதின்மூன்று பிள்ளைகள்.

சார் தொண்டையைச் செருமினார். "ஓரிரண்டு!"

போன் மேசையில் நகர்ந்தது. பக்கத்து வீட்டிலிருந்து புஷ்பவள்ளி அக்கா, "யாருடி அது, ரேடியோவ இப்படி அலற விடுறது?" என்று கத்தினாள். ஈரெட்டுப் பதினாறு வரும்போது உமையாள் டீச்சர் பேனாவை மூடிவிட்டார். வகுப்பு முடிந்ததும், "ஞாயித்துக்கிழமையும் நீங்களே நடத்துங்க சார். அட்டை மட்டும் வேணாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"எல்லாரும் போலாம்," என்றார் சார். "திவாகரன் மட்டும் இரு."

கட்டங்கள் ஒன்றொன்றாக அணைந்தன. பிரேமலா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"திவாகரா, வாயில என்னா?"

"தேங்கா பன்னு சார்."

"எப்பலேருந்து?"

"டீச்சர் வந்ததுலேருந்து சார். பெருசு சார், முழுங்க முடியல."

"ஆக, வாய் நெறைய பன்ன வச்சிக்கிட்டே எனக்கு அவ்வளவு தெளிவா மைக் பாடம் எடுத்திருக்க. கெட்டிக்காரன்."

திவாகரன் சுவர்ப்பக்கம் திரும்பி அக்காவைப் பார்த்தான். சார் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டு, முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்தார். திரை முழுக்க ஒரு நெற்றியும் ஒரு மூக்கும்.

"குணா... புட்டு... மாயாம்," என்று படித்தார். "இதானா அது? என் கொரல் போறப்பல்லாம் இந்தப் பேரு கீழ வந்து வந்து போச்சு. வெளம்பரம்னு நெனச்சேன், என் மைக்க மூடினவங்க பேரு அதுன்னு இப்பத்தான் புரியுது. மருதம்மா கூட, இத்தன தடவ வருதே, ஒரு நா ஆர்டர் பண்ணித்தான் பாப்போமேன்னா."

அவர் சிரிக்கிறாரா என்று பிரேமலாவுக்குத் தெரியவில்லை. மூக்கை மட்டும் வைத்துக்கொண்டு எப்படித் தெரியும்?

"அம்மா வேலைக்குப் போயிருக்கும். ஒன் கையில எப்பவும் பென்சில் இருந்துச்சு, நான் பாத்தேன். மிச்சம் ஒங்க அக்காதான்." தாள் புரளுகிற சத்தம் கேட்டது. வருகைப் புத்தகம். பதின்மூன்று பேரோடு முடிந்துபோன பக்கத்தில் விரலை ஒரு வரி கீழே இறக்கி வைத்தார்.

"பிரேமலா."

அந்தப் பேரை ஒரு வாத்தியார் வாயில் கேட்டு அஞ்சு மாசம். சுவரை விட்டு வந்தாள். படத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"வந்திருக்கேன் சார்," என்றாள், அவள் குரலிலேயே.

பரஞ்சோதி சார் கையைக் காதுக்குக் குவித்துக்கொண்டார்.

"கேக்கல."