சனிக்கிழமைச் சோறு

வறுத்த எள்ளின் வாசம் மூக்கில் ஏறினால் போதும், இந்த வயதிலும் என் வலது கை தானாக முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்கள் கையை யாரும் மோந்து பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு காலனியில் வாடகைக்கு இருந்தோம். குரோம்பேட்டைப் பக்கம் அப்பா வேலை பார்த்த கம்பெனியில் திடீரென்று ‘லாக்-அவுட்’ போட்டுவிட்டார்கள். அவர் காலையில் போய் மற்றவர்களோடு கேட் முன்னால் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் முகம் கறுத்துத் திரும்புவார். அதுவரை டிபன் பாக்ஸ் கொண்டுபோன நானும் தம்பியும் பைக்குள் தட்டை ஒளித்துக்கொண்டு போய்ச் சத்துணவு வரிசையில் நிற்கத் தொடங்கினோம். யாரையும் லேசில் நம்பாத அம்மா அந்தச் சோற்றை மட்டும் நம்பினாள். “அது கவர்மெண்ட் சோறு. கவர்மெண்ட்டுக்கு ஜாதகம் கிடையாது” என்பாள்.

ஜாதகம் உள்ளவர்களிடம்தான் சிக்கல். தெருமுனைப் பெரிய வீடு வேணியக்காவுடையது. அந்த ஊரின் பழைய குடும்பம், வயலையெல்லாம் பிளாட் போட்டு விற்றவர்கள். அந்த அக்கா திடீரென்று சனிக்கிழமை மத்தியானங்களில் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, பின்கட்டில் உட்காரவைத்து, வயிறு முட்டச் சோறு போட ஆரம்பித்தார். சனி தோஷம் பிடித்தவர்கள் சனிக்கிழமையில் எள்ளுச் சாதம் போடுவார்கள், தின்றவன் தலையில் அந்தத் தோஷம் இறங்கிவிடும் என்று அம்மா அடித்துச் சொல்வாள். “சும்மா எவளாவது போடுவாளா? அதுவும் சனிக்கிழமையா பார்த்து? இருக்கற சனியே நமக்குப் போதாதா?”

ஆனால் போகாதே என்று சொல்ல வீட்டில் அரிசி வேண்டுமே! அதனால் அனுப்புவாள், திரும்பி வந்ததும் வாசற்படியிலேயே மறித்து, “கையை நீட்டு” என்பாள். விரல்களை மூக்கருகே வைத்து, கண்ணை மூடி, எள் வாசம் தேடுவாள். சாம்பார் வாசம் வந்தால் உள்ளே விடுவாள். கூடவே, “எவ்வளவு போட்டா? போடும்போது ஏதாவது முணுமுணுத்தாளா?” என்று போலீஸ் விசாரணை.

ஒரு சனிக்கிழமை புளிசாதம். நல்லெண்ணெய் மிதக்க மிதக்க, அடடா, அப்படியொரு ருசி! நல்லெண்ணெய் எள்ளிலிருந்துதான் வருகிறது என்பது வாசற்படியில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா எங்கள் இருவர் தலையிலும் தண்ணீரை ஊற்றி, இனி அந்த வீட்டுப் பக்கம் போனால் காலை ஒடிப்பேன் என்றாள்.

அடுத்த சனிக்கிழமை நொய்க்கஞ்சிதான். அதிலும் தண்ணீரே அதிகம். தம்பி ஜன்னலடியில் சுருண்டு படுத்துக்கொண்டு, “இன்னிக்கு அங்க என்னக்கா போடுவாங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அம்மாமேல் எனக்கு ஆத்திரமாக வந்தது.

மத்தியானம் சாய்கிற நேரத்தில் வேணியக்காவே வந்துவிட்டார்.

“இன்னாம்மா, புள்ளைங்கள ஏன் அனுப்பல? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?”

“உங்க வீட்டுச் சனியை எங்க புள்ளைங்க தலையில கட்டுவீங்க, நாங்க அனுப்பணுமா?” அம்மா வெடுக்கென்று கேட்டுவிட்டாள்.

அக்கா விழித்தார். “சனியா? அய்ய, அன்னிக்கு இஸ்கோலு லீவும்மா! மத்த நாளு சத்துணவு கீது. லீவு நாள்ல இதுங்க இன்னா துன்னும்?”

அம்மா அதற்கும் மசியவில்லை. “அப்ப ஞாயித்துக்கிழமை?”

வேணியக்கா தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஞாயித்துக்கெழம எங்க வூட்டுக்காரரு வூட்லயே இருப்பாரு. அவருக்குத் தெரியாம போட்டுகினு கீறேன். தெரிஞ்சா பேஜாராப் பூடும்.”

பிறகு அக்காவே கேட்டார்: “நீ துன்னியா?”

“ஆச்சு.”

“கையக் காட்டு. உம் பொண்ணு சொல்லிச்சி, நீ மோந்து பாப்பியாமே.” கேட்டதோடு நிற்காமல் அம்மாவின் வலது கையை இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். “வெறும் சோப்பு நாத்தந்தான் வருது.”

நானும் தம்பியும் அம்மாவைப் பார்த்தோம். கஞ்சியை எங்களுக்கு ஊற்றிவிட்டு, அவள் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். முடியாமல் அப்படியே நின்று அழுதாள். அன்று எங்களோடு அவளும் போனாள், பின்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பெரிய வீடு இப்போது இல்லை; அந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. வேணியக்காவும் இல்லை. சனிக்கிழமைகளில் யார் யாரோ ரோட்டோரம் கார் நிறுத்திப் புளிசாதப் பொட்டலம் கொடுக்கிறார்கள். வாங்குகிறவரைச் சிரிக்கச் சொல்லிப் போட்டோவும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது, அம்மாவின் மகள்தானே.

அம்மா அதே காலனியில் தனியாக இருக்கிறாள், நான் நாவலூரில். தினமும் போன் செய்து “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்கிறேன். “ஆச்சுடி” என்கிறாள். போனில் எந்த வாசமும் வருவதில்லை. அதனால்தான் சனிக்கிழமை விடிந்ததும் பஸ் ஏறிவிடுகிறேன். கதவைத் திறந்ததும், முதலில் கையை நீட்டச் சொல்கிறேன்.