ஆதாரம் கிடைத்த வரி

மருமகன் வேலை பார்க்கும் சாயப்பட்டறை பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரை உண்டு. அதைச் சீர்செய்ய முதலாளி எனக்குப் பணம் கொடுத்தார். பணம் வாங்கியதைக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிவித்துவிட்டுத்தான் தொடங்கினேன்.

"கழிவால் கிணறுகள் கெட்டன" என்ற வரிக்கு ஆதாரம் இல்லை. அப்படியே நீக்கியிருக்கலாம். மனம் கேட்காமல் இன்று நூலகத்தில் பழைய நாளிதழ்களைப் புரட்டினேன். செய்தி இருந்தது. ஆதாரமாகச் சேர்த்துவிட்டேன்.

மாலையில் மருமகன் பரவை மார்க்கெட்டிலிருந்து போன் செய்தார்.

"மாமா, அழிக்கச் சொன்னா ஆணியடிச்சு மாட்டிட்டீங்களே!"

"பணத்தைத் திருப்பிக் குடுத்துர்றேன் மாப்ள."

"அது கெடக்கட்டும். நாளைக்கு நான் வேலைக்குப் போகவா, வேணாமா?"

வரியை மறுபடி சரிபார்த்தேன், பிழையில்லை. மருமகனுக்கு என்ன பதில் சொல்வது? ஆதாரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, யாராவது எழுதுங்கள்.